கண் அடைந்த சுவர்

காத்தமுத்துவை யாராவது தைரியசாலி என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தைரியமாவது ஒன்றாவது! திருச்சி ஜில்லாவில் அவரைப் போல ஒரு தொடைநடுங்கியை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தெருநாய் குரைத்தால் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். தீபாவளிக்கு ஜவுளி எடுக்க வீட்டுக்காரி வீரம்மாளை மட்டும் மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டு இவர் காந்தி மார்க்கெட்டிலேயே நின்றுவிடுவார். ஏனய்யா என்று கேட்டால், "மேல அம்மாம் பெரிய பாறை நிக்குதுங்களே" என்பார். அது எத்தனையோ நூறு வருஷமாக நிற்கிறதே என்றால், "அதாங்க எனக்குப் பயமா இருக்கு" என்பார். இந்த மனுஷனோடு என்ன பேசுவது!

ஆனால் எங்கே பள்ளத்துச் சுவர் பிளந்தாலும், எங்கே தடுப்புச்சுவர் வயிறு தள்ளி நின்றாலும், முதலில் ஆள் போவது அவர் வீட்டுக்குத்தான். பொன்மலைக்குப் பக்கத்தில் ஒரு குடிசையில் இருந்தார். முட்டு மேஸ்திரி என்று பெயர். சாயப்போகும் சுவருக்கு மரத்தால் முட்டுக் கொடுத்து, அது ஏன் சாய்ந்தது என்று கண்டுபிடித்து, மறுபடி நிற்க வைப்பது அவருடைய வேலை. நான் பாலக்கரை சவரிநாதன். கட்டுமான இலாகா ஒன்றில் ஓவர்சியராக இருந்து ரிட்டையர் ஆனவன். அவரோடு பன்னிரண்டு வருஷம் வேலை செய்திருக்கிறேன். அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என்னைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். அதுதான் இத்தனை நாளாக என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அவர் பிறந்தது மணப்பாறைக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். பதினாறு வயதில் அண்ணன் மருதையோடு கிணறு வெட்டப் போனார். முப்பதடி ஆழம் போன பிறகு பக்கவாட்டு மண் சரிந்து அண்ணன் தம்பி இருவரையும் மூடிவிட்டது. காத்தமுத்து மார்புவரை புதைந்தார். மருதை முழுவதும் புதைந்துபோனார், ஒரு கையைத் தவிர. அந்தக் கை தம்பியின் கையைப் பிடித்திருந்தது. மேலே இருந்தவர்கள் ஆள் திரட்டிக் கயிறு கட்டி இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "எப்ப அந்தப் பிடி விட்டுச்சுன்னு எனக்குத் தெரியலீங்க. நான் அழுதுக்கிட்டே இருந்தனா, கவனிக்கல" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது தன் வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பிழைப்புக்காகத் திருச்சிக்கு வந்து மண் சுமந்திருக்கிறார். எந்தப் பள்ளத்திலும் கூலிக்காரர்கள் பீடி பிடிக்க உட்காரும் நேரத்தில் இவர் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாராம். பயத்தால்தான். ஒரு நாள் "இது சாயந்தரத்துக்குள்ள விழும், நான் இறங்க மாட்டேன்" என்று கூலியை விட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மூன்று மணிக்கு விழுந்தது. அன்றிலிருந்து அவரைக் கூலிக்கு எடுப்பதை நிறுத்திவிட்டு மேஸ்திரியாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர் சுவர் பார்ப்பது ஒரு தினுசு. தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டு நூலுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை விரல் என்று அளப்பார். வெடிப்பின் குறுக்கே கண்ணாடிச் சில்லைச் சுண்ணாம்பு வைத்து ஒட்டிவிட்டுப் போய்ப் புளிசாதம் சாப்பிடுவார். வந்து பார்க்கும்போது சில்லு உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பிறகு மேலே போய்ச் சுவருக்குப் பின்னால் மண் கொட்டியிருக்கிறார்களா, வண்டி போகிறதா, தண்ணீர் தேங்குகிறதா என்று சுற்றி வருவார். கடைசியாக வேலையைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியரிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். "அய்யா, கண்ணெல்லாம் பேசுதுங்களா?"

தடுப்புச்சுவரில் வரிசையாகக் கைநுழையும் அளவுக்குத் துளை விட்டுக் கட்டுவோம். பின்னால் சேரும் தண்ணீர் அதன் வழியாக ஒழுகி வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஈர மண்ணோடு தண்ணீரும் சேர்ந்து சுவரை முதுகில் நெட்டித் தள்ளிவிடும். அந்தத் துளைகளை எங்கள் ஆட்கள் கண் என்பார்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் பேசுகிறது என்று அர்த்தம். அடைப்பில்லாமல் இருந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் பின்னால் தண்ணீரே இல்லை என்று அர்த்தம். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய கேவலம் முழுவதும் இந்த இரண்டு வரிக்குள்தான் இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, கார்த்திகை மாசம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் குடிதண்ணீர் பம்பு ஹவுஸுக்கு ஒரு பள்ளம் எடுத்திருந்தோம். முப்பதடி ஆழம். கிழக்குப் பக்கம் அறுபதடி நீளத்துக்குக் கருங்கல் தடுப்புச்சுவர். அதில் நாலு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு கண். இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவே தீவு. தோண்டின இடமெல்லாம் தண்ணீர். அடியில் ஒரு ஆயில் இன்ஜின் ராப்பகலாக ஓடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டவன் பிச்சை. அவன் பெண்சாதி ராக்கம்மாள் சித்தாள்களுக்குத் தலைவி மாதிரி. நான் அப்போது தாற்காலிக ஓவர்சியர். ஜனவரியில் நிரந்தரம் ஆக வேண்டும். எனக்குக் கீழே கல்யாணத்துக்கு இரண்டு தங்கச்சிகள்.

திருக்கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்பு ராக்கம்மாள் வந்து நின்றாள்.

"அய்யா, நாளக்கழிச்சுக் கார்த்திக. கொட்டாயில விளக்கு வைக்க எடமில்லீங்க, ஓலை பத்திக்கும். அந்தச் செவுத்துல மாடக்குழி மாதிரி வரிசையா இருக்குதுல்ல, அதுல வச்சுக்கட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வேதக்காரன். கிறிஸ்துவ ஓவர்சியர் கார்த்திகை விளக்கு வைக்க விடவில்லை என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்த்த மாதிரிதான்! அதுவும் போக, அவள் கேட்டது எனக்கே ஆசையாக இருந்தது. சரி வச்சுக்க என்றேன்.

கார்த்திகையன்று அந்தி சாய்ந்ததும் சாரத்தில் ஏறி ஏறி நாற்பத்தெட்டுக் கண்ணிலும் அகல் வைத்துவிட்டார்கள். முப்பதடிப் பள்ளத்துக்குள் அத்தனை விளக்கு! நான் பூசை நேரத்தில்கூட அப்படி வாயைப் பிளந்து நின்றதில்லை. கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு அகலுக்கும் பின்னால் களிமண் அப்பியிருந்தது தெரிந்தது.

"என்ன ராக்கம்மா இது?"

"தண்ணி ஒழுகித் திரி அணைஞ்சு போவுதுங்க. அதான் ஒரு சாண் உள்ள தள்ளி நல்லா இடிச்சு அடச்சிட்டோம்."

"விளக்கு முடிஞ்சதும் நோண்டி எடுத்திரணும், தெரிஞ்சுதா?"

"சரிங்கய்யா."

மறுநாள் காலையில் நான் அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்துக்குத் திண்டுக்கல் போய்விட்டேன். நாலு நாள் கழித்துத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஒரு நாள் ஞாபகம் வந்தது. கொட்டாயில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மழையில் ஏணி இறங்கிப் பார்க்கச் சோம்பலாக இருந்தது. எடுத்திருப்பார்கள் என்று என்னையே நான் சமாதானம் செய்துகொண்டு இன்னொரு டீ வாங்கிவரச் சொன்னேன்.

பத்தாம் நாள் விடிந்து வெளிச்சம் வரும் நேரத்துக்கு, லாரி கல்லைக் கொட்டினாற்போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரின் வடக்கு மூலை பத்தடி அகலத்துக்கு இடிந்து உள்ளே கிடந்தது. இன்ஜினைக் காணோம். கல்லுக்கும் சேற்றுக்கும் நடுவே பிச்சை உட்கார்ந்திருந்தான். இடது காலின் மேல் ஒரு கருங்கல். உயிர் இருந்தது. "அய்யா, கால எடுக்க வரலீங்க" என்று, பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை என்று சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான்.

மீதிச் சுவர் ஐம்பதடி அவன் தலைக்கு மேல் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. கடப்பாரையோடு இரண்டு பேர் இறங்கினார்கள். மேலிருந்து ஒரு கல் பெயர்ந்து அவர்கள் காலடியில் விழுந்ததும் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஏறிவந்துவிட்டார்கள். இன்ஜின் நின்றுபோனதால் பள்ளத்தில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. லாரியைப் பொன்மலைக்கு விரட்டினேன், மேஸ்திரியை அள்ளிக்கொண்டு வா என்று. சுவருக்கு எட்டாத எதிர்ப்பக்கத்தில் ஏணி வைத்து, சித்தாள்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக இறைத்தார்கள். அப்படியும் ஏழு மணிக்குப் பிச்சையின் முழங்காலில் இருந்த தண்ணீர் எட்டரைக்கு இடுப்புக்கு வந்துவிட்டது.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒன்று நடந்தது. ராக்கம்மாள் வாளியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு ஏணியேறி என்னிடம் வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அய்யா, அன்னிக்கு அந்த ஓட்டையெல்லாம் அடச்சோமே, அத நாங்க எடுக்கவே இல்லீங்க. ஒழுக்கு இல்லாம வேலை செய்ய வசதியா இருக்குன்னு விட்டுட்டோம். அதனாலயாங்க இது?"

ஆமாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாய் சொன்னது வேறு.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மழை. யார்கிட்டயும் இத உளறி வைக்காத, புருசனக் கொன்னவன்னு உன்னத்தான் சொல்வானுங்க. போ, போய் வாளிய வாங்கு."

அவளைக் காப்பாற்றச் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்ட பேச்சு! ஜனவரி மாசத்து நிரந்தர ஆர்டரைத்தான் நான் காப்பாற்றினேன்.

காத்தமுத்து லாரியிலிருந்து இறங்கும்போதே உதறிக்கொண்டிருந்தார். பிச்சையைப் பார்த்தார், கண்ணை மூடினார், திறந்தார். தூக்குக்குண்டை விட்டு அளந்தார். சுவர் ஆறு விரல் வெளியே வந்திருந்தது. பின்னால் ஓரத்திலேயே குவித்திருந்த மண்மேட்டைப் பார்த்துவிட்டு என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு பள்ளத்தின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுவரையே பார்த்தார்.

"விழுந்த மூலையில பொதபொதன்னு சேறா இருக்கு. மத்த செவுத்துல ஒரு சொட்டு ஒழுக்கு இல்லையே. கண்ணெல்லாம் பேசுதுங்களா அய்யா?"

முப்பதடிக்கு மேலேயிருந்து பார்த்தால் விளக்குக் கரி படிந்த களிமண்ணும் வெறும் துளையும் ஒரே கறுப்புத்தான். என்னைத் தவிர அவருக்குக் கேட்க ஆளில்லை. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு நேரமும் இல்லை.

"பேசுது மேஸ்திரி. நேத்துக்கூட ஒழுகினதப் பாத்தேன், இப்பத்தான் வத்தியிருக்கு. அடைப்பு ஒண்ணுமில்ல."

"அப்ப பின்னாடி தண்ணி நிக்கல. மண்ணு பாரந்தான் தள்ளியிருக்கு. முட்டு ரெண்டு போட்டு ஆப்பு அடிச்சா ஒரு மணி நேரம் தாங்கும்."

மண்மேட்டை வாரச் சொல்லிவிட்டு ஆறு ஆளைக் கூட்டிக்கொண்டு அவர் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழே போனதும் சவுக்குமரம் இரண்டைச் சாய்த்துச் சுவரின் வயிற்றில் கொடுத்தார்கள். அடியில் ஆப்பு வைத்தார்கள். சம்மட்டி தூக்கியவன் பிச்சையிடமிருந்து நாலடி தூரத்தில் நின்றான்.

பின்னால் இருபதடிக்குத் தண்ணீரைச் சுமந்துகொண்டு நிற்கிற சுவர். அதில் ஓங்கி ஒரு அடி விழுந்தால் போதும். எட்டுப் பேர். சட்டைக்குள் ஜெபமாலையைப் பிடித்திருந்தேன், அது கையை அறுத்தது. எதிர்ப்பக்கத்தில் ராக்கம்மாள் வாளியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிற பார்வை. சம்மட்டி தலைக்கு மேலே போனது.

"அடிக்காதே!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே தெரியவில்லை. "மேஸ்திரி, அடிக்காதீங்க! கண்ணு அடஞ்சிருக்கு! எல்லாக் கண்ணும் அடஞ்சிருக்கு! களிமண்ணு!"

சம்மட்டிக்காரன் அப்படியே நின்றான். காத்தமுத்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கைவீசி ஆறு பேரையும் ஏணிக்கு விரட்டினார். அவர்கள் ஏறி முடிக்கும்வரை சுவரில் முதுகு படாமல் விலகி நின்றார். அவருடைய வேட்டி நனைந்திருந்தது. தண்ணீரால் மட்டும் இல்லை.

அவரும் ஏறிவந்திருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். பிச்சை அப்போதுதான் அழ ஆரம்பித்தான். ஆட்கள் எல்லாரும் மேலே போவதைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காத்தமுத்து அவனிடம் போய், "அழுவாத, நானும் இங்கதான் இருக்கேன்" என்றார். அவரும்தான் அழுதுகொண்டிருந்தார்.

கண்ணைத் திறக்க வேண்டும். ஆனால் திறந்தால் வரும் தண்ணீர் எங்கே போகும்? பிச்சை உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள்தான். திறக்காவிட்டால் சுவர் விழும். திறந்தால் அவன் மூழ்குவான். மேலே நின்றவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காத்தமுத்து கீழேயிருந்து கத்தினார்.

"அந்தப் பொம்பளைங்கள நிறுத்தாம எறைக்கச் சொல்லுங்க! இன்னும் வாளி கொண்டாங்க! அய்யா, நீங்க நூலப் பாருங்க. குண்டு ஒரு நூலு நகர்ந்தாலும் சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க."

சாரத்தில் ஏறினார். மேல் வரிசையிலிருந்துதான் ஆரம்பித்தார். அடியில் முதலில் திறந்தால் மண்ணையும் இழுத்துக்கொண்டு பீறிடும் என்பது அவருக்குத் தெரியும். கடப்பாரை நுனி கல்லில் பட்டு டகடகவென்று ஆடியது. அவர் குத்தியதால் இல்லை, கை நடுங்கியதால். முதல் கண்ணைக் குத்தினார். களிமண் உருண்டை தெறித்து விழுந்தது. பின்னாலேயே எண்ணெய்க் கரி கலந்து கறுப்பாகத் தண்ணீர் பாய்ந்து அவர் மார்பில் அடித்தது. இரண்டாவது. மூன்றாவது. அந்த வரிசையில் மிச்சமிருந்த பத்தும் திறந்து, அவை பீறிடுவது குறைந்து ஒழுக்காகும்வரை காத்திருந்து, அடுத்த வரிசைக்கு இறங்கினார்.

பிச்சைக்குத் தண்ணீர் மார்புக்கு வந்தது. ராக்கம்மாள் யார் சொல்லியும் கேட்காமல் அவனிடம் போய்த் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். முப்பது பெண்கள் ஏணியில் படிக்கு ஒருத்தியாக நின்று வாளியை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். நான் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது, இமைக்கப் பயமாக இருந்தது. மூன்றாவது வரிசையில் அவர் நாலாவது கண்ணில் கை வைத்தபோது குண்டு அசைந்தது. காற்றா? ஒரு கணம், ஒரே ஒரு கணம், சொல்லலாமா வேண்டாமா என்று என் புத்தி மறுபடியும் கணக்குப் போட்டது.

"நகருது! அரை விரல்!"

காத்தமுத்து சாரத்திலிருந்து சேற்றில் குதித்தார். அவர் நின்ற பலகையின் மேல் இரண்டு கல் வந்து விழுந்து பலகை முறிந்தது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. குண்டு நின்றது. நாங்கள் எல்லாரும் நின்றோம். அவர் சேற்றில் உட்கார்ந்தபடி வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மறுபடி ஏறினார். அந்த மனுஷனைத் தைரியசாலி என்று சொல்லாதீர்கள். எழுந்து ஏறும்போது அவர் கால் ஆடிய ஆட்டத்தை நான் பார்த்தேன்.

கடைசி வரிசை திறந்தபோது தண்ணீர் பிச்சையின் மோவாயைத் தொட்டது. ராக்கம்மாள் அவன் மூக்கை மேலே பார்த்துத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதற்கு மேல் ஏறவில்லை. கண்களில் வேகம் குறையக் குறைய வாளிகள் ஜெயிக்க ஆரம்பித்தன. பதினொரு மணிக்கு மறுபடி இடுப்புக்கு இறங்கியது. நூல் அசையவில்லை. அப்புறந்தான் முட்டுகளைச் சரிசெய்து, சம்மட்டி இல்லாமல் கையாலேயே ஆப்பைத் தள்ளி இறுக்கி, நாலு கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பினார்கள். ஒரு மணிக்குப் பிச்சையைக் கட்டிலில் வைத்து மேலே தூக்கினோம். கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. உயிர் நின்றது.

மறுநாள் இன்ஜினியர் வந்தார். காத்தமுத்துவைக் கூப்பிட்டு என்ன காரணம் என்றார்.

"கண்ணு அடஞ்சிருந்துச்சுங்க."

"எப்படி அடஞ்சுது?"

காத்தமுத்து என் பக்கம் திரும்பினார். "அத ஓவர்சியர் அய்யா சொல்வாருங்க" என்றார்.

ராக்கம்மாளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளிடம் சொன்ன பழிப் பேச்சு அவள் வாயைக் கட்டிவிட்டிருந்தது. எனக்கோ வாய் நன்றாகத் திறந்தது.

"மழைச் சேறு சார். உள்ளேருந்து வந்து அடச்சிருச்சு."

இன்ஜினியர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். ஜனவரியில் எனக்கு ஆர்டர் வந்தது. ராக்கம்மாள் அதற்குப் பிறகு என்னை அய்யா என்று கூப்பிடவே இல்லை.

சுவரைச் சரிசெய்ய நாலு மாசம் பிடித்தது. காத்தமுத்துதான் நின்று செய்தார். மேலே மண்மேட்டை அகற்றி, பின்பக்கத்து மண்ணைப் படிப்படியாக வெட்டிப் பாரத்தைக் குறைத்தார். வயிறு தள்ளிய பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து மறுபடி கட்ட வைத்தார். பின்னால் ஒரு முழ அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, பத்தடிக்கு ஒன்றாகச் சுவருக்கு உதைகால் கொடுத்தார். கண்களில் இரும்புக் குழாய் வைத்து ஒரு சாண் வெளியே நீட்டி, கீழே பார்த்துச் சாய்த்துவிட்டார். அதில் ஒரு அகலும் உட்காராது. இந்த நாலு மாசமும் என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. கோபமாகவும் இல்லை. அதுதான் என்னைத் தின்றது.

அடுத்த வருஷம் பொன்மலைப் பக்கம் ஒரு தொட்டிப் பள்ளத்தில் சுவர் வெடித்தது. அங்கேயும் நான்தான் ஓவர்சியர். அவர் வந்தார், நூல் விட்டார், சில்லு ஒட்டினார், சுற்றிப் பார்த்தார். என்னிடம் வந்தார்.

"கண்ணெல்லாம் பேசுதுங்களா அய்யா?"

"பேசுது மேஸ்திரி. காலைல நானே பாத்தேன்." இந்தத் தடவை சத்தியமாகப் பார்த்திருந்தேன்.

அவர் ஏணியைப் பிடித்து என் பக்கமாகத் திருப்பினார்.

"அப்ப நீங்க மொதல்ல இறங்குங்க. பின்னாடியே நான் வரேன்."

சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவர் குரலில் மரியாதை ஒரு பொட்டுக் குறையவில்லை. நான் இறங்கினேன். வெடித்த சுவருக்கு முன்னால் இருபத்திரண்டு அடி. கீழே போய்ச் சுவரோரமாக நின்றேன். அவர் மேலேயே உட்கார்ந்து ஒரு பீடி பிடித்து முடிக்கும்வரை நிற்க வைத்தார். அந்தப் பீடி தீருவதற்குள் சுவரிலிருந்து உதிர்ந்த ஒவ்வொரு மண் பொடியும் என் காதில் விழுந்தது. பிச்சை ஏழு மணி நேரம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் நடுங்கிக்கொண்டே இறங்கிவந்து வேலையை ஆரம்பித்தார்.

அப்புறம் ஒன்பது வருஷம், எத்தனை பள்ளம் என்று எண்ணவில்லை. ஒவ்வொன்றிலும் அதே கேள்வி, அதே ஏணி. நான் முதலில், அவர் பின்னால். மற்ற ஓவர்சியர்கள் யாரையும் அவர் அப்படி முதலில் இறங்கச் சொன்னதில்லை. ஒரு தடவைகூட நான் மறுத்ததும் இல்லை.

அறுபத்தொன்பதில் ஊரில் காய்ச்சலில் படுத்து நாலே நாளில் போய்விட்டார். தகவல் வந்து நான் மணப்பாறை பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீரம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இவருதான் சவரிநாதன் அய்யா. ஊருல ஒருத்தரையும் நம்பாத மனுசன், இவர மட்டுந்தான் நம்புனாரு. 'அந்த அய்யா மொதல்ல இறங்குனாத்தான் நான் இறங்குவேன்'னு வாய்க்கு வாய் சொல்லுவாரு. அவ்வளவு மரியாத உங்க மேல."

அங்கிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். மேஸ்திரி அப்படிச் சொன்னதற்குக் காரணம் வேறு என்று அந்த அம்மாளிடம் சொல்ல என் வாய்வரை வந்தது.

நான் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.